பாகம் எண் 143

ஒரு பக்கம் இரண்டு ரூபாய். இரு பக்கமும் என்றால் மூன்று.
எல்லாக் கட்சிக்கும் அதே விலை.
தேர்தல் வந்தால் என் மிஷினுக்கு டோனர் பத்தாது:
பாகம் எண் 143, வாக்காளர் ஆயிரத்து நாற்பத்தியேழு,
ரப்பர் தோட்டம் தொடங்கி மீன் சந்தை முடிய.

ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான்
குனிந்து வருவார்கள், குறி போட்ட பட்டியலோடு.
பச்சைப் பேனா கிளீட்டஸ். சிவப்பு, பொன்னையன் மகன்.
நீலம், ரிட்டயர்டு சுகுமாரன் தம்பி சார்;
அடிக்கோல் வைத்துத்தான் பெயரை வெட்டுவார்.
டிக் என்றால் நம்மாள். பெருக்கல் என்றால் படியேற வேண்டாம்.
‘வெ’ என்றால் தமாமோ துபாயோ.
‘க’ என்றால் கடலில், தங்கல் போட்டு;
ஓட்டுக்குள் கரை பிடிப்பது சந்தேகம்.
கேள்விக்குறி என்றால்
உட்கார்ந்து ஒரு சாயா குடிக்க வேண்டிய வீடு.

மூன்று நிறத்தையும் மிஷின் கறுப்பாகத்தான் துப்பும்.
வெளிச்சப் பட்டை ஓடி முடிப்பதற்குள்
ஒரு தெருவை நான் வாசித்துவிடுவேன்.

மணி கேட்கும் தெரு ஒரு கட்சி,
பஜனை கேட்கும் தெரு மறு கட்சி,
பாங்கு கேட்கும் சந்துக்குக் கணக்கே வேண்டாம்
என்று டெலிவிஷனில் ஒருவர் வரைபடத்துக்கு நிறம் பூசினார்.
எங்கள் ஊரை அவர் விரல்நுனி மறைத்திருந்தது.
மூன்றும் கேட்கும் என் கடைவாசல்.

லாசர் வீட்டை எந்த நிறத்தில் பூசுவாராம்?
ஒரே அடுப்பு, நாலு ஓட்டு.
லாசருக்கு முந்திரி ஆலைச் சங்கம், சாகும்வரை.
ஐடா கோயிலில் வாசித்த கடிதத்தை முழங்காலிட்டுக் கேட்டுவிட்டு
வரும் வழியில் மனதை மாற்றிக்கொள்வாள்.
மகனுக்கு நாலுவழிச் சாலை தின்ற எட்டு சென்ட்;
யார் ஆண்டாலும் அவனுக்கு எதிரி.
மருமகள் சொல்ல மாட்டாள். சிரிப்பாள்.
மூன்று பட்டியலிலும் அந்த வீட்டுக்கு டிக்.

மாநிலம் முழுக்க அடிக்கிற அலை
ஆரல்வாய்மொழி காற்றாடிகளோடு நின்றுபோகும் என்பது
இங்கே எல்லாருக்கும் ஒரு கெத்து.
நான் பார்க்க இரண்டு தடவை தாண்டியது.
ஒரு தடவை வந்தது இன்னும் திரும்பிப் போகவில்லை.

புயலுக்குப் பிறகு வந்த தேர்தலில்
‘க’ போட முடியாத பதினொரு பெயர் இருந்தது.
நீக்குவதற்குச் சான்றிதழ் வேண்டுமாம்.
சான்றிதழுக்கு உடல் வேண்டுமாம்.
பச்சையும் சிவப்பும் நீலமும்
அந்த வரிகளில் ஒன்றுமே எழுதவில்லை.
அன்று மட்டும் நான் காசு வாங்கவில்லை,
யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

என் பெயரும் இருக்கிறது. வரிசை எண் 612,
விஜிலா ராணி, வயது நாற்பத்திநாலு,
கணவர் பெயர் என்ற இடத்தில்
இப்போது எந்த ஊரில் என்று தெரியாத ஒருவர்.
பச்சையில் டிக். நீலத்தில் டிக்.
சிவப்பில் முதலில் கேள்விக்குறி, பிறகு அடித்து டிக்;
அந்த வாரம் ஐம்பது பக்கம் தள்ளுபடி கொடுத்திருந்தேன்.

ஓட்டன்றைக்கு மத்தியானம் கடையடைத்துப் போனேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி
ஒரு துண்டுச்சீட்டு வெளிச்சத்தில் நின்றது.
பிறகு அறுந்து இருட்டில் விழுந்தது.
இந்த ஊரில் என் கடைக்கு வராத ஒரே தாள்.

எண்ணி முடித்த மறுநாள்
பூத் கணக்கோடு சுகுமாரன் தம்பி சார் வந்தார்.
ஜெயித்திருந்தார்கள். ஆனாலும் முகம் சரியில்லை.
“நாப்பத்தொண்ணு இடிக்குது, விஜிலா.
எந்த வீடாக்கும்ணு பிடி கிட்டல்ல.”

மிஷின் சூடாவதற்காகக் காத்திருந்தேன்.
“ஒரு பக்கமா சார், ரெண்டு பக்கமா?”